செஞ்சி பஜார் கேட்ட பாதிப் பேச்சு

1

பினாங்கில் தமிழர்கள் கூடும் காப்பிக் கடைக்குப் போகிறவன் காதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. ஊரில் பெய்த மழை, பெய்யாத மழை, இடிந்த வீடு, ஓடிப்போன பெண் எல்லாம் கப்பலேறி அங்கே வந்து சேரும். நான் காப்பிக்காக மட்டும்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொல்வதுண்டு. அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

அறுபத்தைந்தாம் வருடம், பங்குனி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனம் பக்கத்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய ஒருவரைச் சுற்றிப் பெரிய கூட்டம். எல்லோரும் மொழிக் கலவரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓடியதா, பள்ளிக்கூடம் திறந்ததா, போலீஸ் சுட்டது நிஜந்தானா என்று ஆளுக்கொரு கேள்வி. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பேச்சு ரொம்பக் கனத்துப் போனதும், சிரிப்பதற்கும் ஒன்று வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இதைச் சொன்னார்.

"செஞ்சியில ஒரு மைக் செட் கடைக்காரன். அவன் அண்ணங்காரன் இந்தப் பக்கந்தான் எங்கியோ இருக்கானாம். டேப்புல பேசி அனுப்பியிருக்கான். சந்தை அன்னிக்கி கொழாயில போட்டா இன்னான்றான் தெரியுமா? தமிழ் சோறு போடாதுன்றான். இப்ப செஞ்சியில எவனாவது லேட்டா சாப்ட வந்தா, இன்னாடா, தமிழ் இன்னும் சோறு போடலியான்னு கேக்கறாங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன விஷயம் என்று கேட்பார்கள். அந்த அண்ணங்காரன் நான்தான்.

தம்பி ஏழுமலை மாதம் தவறாமல் கடிதம் போடுகிறவன். அந்தக் கடிதங்களில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் சொன்ன ஒரு வார்த்தை செஞ்சிக்குப் போய், அங்கே ஊர்க் கேலியாகி, மறுபடி கடல் தாண்டி என் காப்பிக் கோப்பைக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

2

எங்கள் நைனா செஞ்சி பஜாரில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுபவர். கல்யாணம், கருமாதி, தெருக்கூத்து, எதுவாக இருந்தாலும் வெளிச்சம் எங்கள் கடையிலிருந்துதான் போகும். ஊருக்குக் கரண்ட் வந்ததும், இனி விளக்கை நம்பினால் வயிறு காயும் என்று ஏழுமலை ஒரு மைக் செட் வாங்கிப் போட்டான். ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு, கரண்ட் இல்லாத கிராமத்துக்கு பாட்டரி. காது குத்தலில் இருந்து கட்சிக் கூட்டம் வரை அவன்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை மேல்மலையனூர் கோயில் அமாவாசை. அந்த ஜன சமுத்திரத்தில் காணாமல் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் மைக் செட்தான். அம்மாவைத் தொலைத்த குழந்தைகளும் புருஷனைத் தொலைத்த பெண்களும் ஏழுமலை பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் முதலில் பஜாருக்குக் காட்டிவிட வேண்டும். நைனா புது விளக்கு வாங்கினால், பட்டப்பகலாக இருந்தாலும் ஏற்றிக் கடை வாசலில் தொங்கவிடுவார். ஏழுமலை புதுத் தட்டு வாங்கினால், தான் கேட்பதற்கு முன்னால் குழாயில் போட்டுவிடுவான். சத்தம் ராஜகிரி மலையில் பட்டுத் திரும்பி வரும். அந்தத் தெருவில் வியாபாரம் செய்கிறவன் தெருவுக்கு மறைத்து எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நைனாவின் கட்சி. தேர்தலில் நிற்காத ஒரே கட்சி அதுதான்.

நான் இங்கே துறைமுகக் கிடங்கில் கிராணி. ஊர் பாஷையில் குமாஸ்தா. பினாங்கில் ஜப்பான் சாமான் சல்லிசு என்று யாரோ சொல்லப் போய், ஏழுமலை ஒரு டேப் ரிக்கார்டர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். கட்சித் தலைவர்கள் செஞ்சிக்கு வந்து பேசினால் அதைப் பிடித்து வைத்து வல்லத்திலும் அனந்தபுரத்திலும் போடலாமாம். தலைவர் ஒரு ஊருக்கு வந்தால் போதும், குரல் ஒன்பது ஊருக்குப் போகும் என்று எழுதியிருந்தான். எனக்கும் அது பெரிய முன்னேற்றமாகத்தான் பட்டது.

கடைத்தெருவில் ரேடியோ விற்கும் லிம் என்ற சீனரிடம் ஒன்று வாங்கினேன். வெறும் நாடாவை அனுப்புவானேன், பேசி அனுப்பு என்று அவர்தான் யோசனை சொன்னார். அவர் கடையின் பின் அறையில் உட்கார்ந்து பேசினேன். முதலில் என் மகள் செல்வியைப் பேச வைத்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. 'வணக்கம் தாத்தா' என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு நான் தனியாகப் பேசினேன்.

நான் பேசியது இதுதான். இங்கே தமிழ் சோறு போடாது. மலாய் தெரிந்தால் சர்க்கார் வேலை, இங்கிலீஷ் தெரிந்தால் கம்பெனி வேலை. அதனால் பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடங்களில்தான் சேர்த்திருக்கிறேன், வேறு வழி இல்லை. இதுவரைக்கும் நன்றாகத்தான் பேசினேன். அப்புறம் செல்வி ஓடிப்போனது ஞாபகம் வந்தது. என் மகளுக்கு நான் பேசுவது பாதிதான் புரிகிறது, அவள் பேசுவது எனக்குக் கால்வாசிதான் புரிகிறது, ஒரே வீட்டில் மூன்றாம் மனுஷன் மாதிரி இருக்கிறேன், என்னால் முடியவில்லை, நான் ஊருக்கே வந்துவிடுகிறேன், ஒரு கடைக்கு இடம் பார்த்து வை என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். ஊரைவிட்டு வந்த நாளில்கூட அப்படி அழவில்லை.

வேண்டுமானால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம் என்றார் லிம். வேண்டாம் என்றேன். தம்பி கேட்கப் போகிறான், அவனுக்குத் தெரியாமல் என்ன என்று இருந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பிய ஒரு வியாபாரி கையில் டேப் ரிக்கார்டரும் நாடாவும் மார்கழிக் கப்பலில் போயின.

3

தை பிறந்து கொஞ்ச நாளில் ஊரில் கலவரம் ஆரம்பித்தது. நான் வேலை விட்டு வந்ததும் ரேடியோ முன்னால் உட்காருவேன். இந்திய அரசாங்க வானொலி, அமைதி திரும்பிக்கொண்டிருக்கிறது என்று தினமும் சொன்னது. அமைதி எங்கே போயிருந்தது என்று மட்டும் சொல்லவில்லை. அயல்நாட்டு வானொலி துப்பாக்கிச் சூடு என்றது. எந்த ஊர் என்று சொல்லும்போது பெயரைக் கடித்துத் துப்பியதால் சிதம்பரமா சேலமா என்று தெரியவில்லை. சென்னைப் பத்திரிகை கப்பலில் கட்டாக வரும். அதைப் பிரிக்கும்போது அதிலிருக்கும் செய்தி பழங்கதையாகியிருக்கும்.

இந்த மூன்றிலும் செஞ்சி என்ற பெயரே வரவில்லை. வராததை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். தென்னார்க்காடு மாவட்டம் என்று காதில் விழுந்தால் மட்டும் என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நிற்பாள். விழுப்புரமாக இருக்கும், கடலூராக இருக்கும் என்று அவளைத் திருப்பி அனுப்புவேன். நாலு தேசத்து ரேடியோவைக் கேட்டவனுக்குத் தன் கடை வாசலில் நடந்தது தெரியவில்லை என்றால் அந்தப் பெட்டி எதற்கு என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. யாரைக் கேட்பது?

காப்பிக் கடையில் அந்த மனிதர் பேசிய அன்றைக்கே தம்பிக்கு எழுதினேன். 'இங்கு யாவரும் நலம். மழை இல்லை. மல்லாட்டை விளைச்சல் சுமார்' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் யாவரும் நலம். மூன்றாவது தடவை வளைக்காமல் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அவ்வளவு பேசினேனே, அதை ஊரில் ஒருத்தர் காதிலும் வாங்கவில்லையா? இதற்குக் கடிதமே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாடா வந்தது.

4

என்னிடம் டேப் ரிக்கார்டர் கிடையாது. நாடாவை எடுத்துக்கொண்டு, மனைவியையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு லிம் கடைக்கே போனேன். அவர் பின் அறையில் நாற்காலி போட்டு, எங்களுக்குத் தேநீர் வரவழைத்துவிட்டு, நாடாவை ஓடவிட்டார். ஏழுமலையின் குரலைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அப்படியே நைனா குரல்.

"அண்ணா, லெட்டர்ல எழுத முடியல. நீ அழுத கதைய எழுத்துல எழுதி அனுப்ப எனக்கு கை வரல. அன்னிக்கி சந்தை. கடை போட்டவன், வாங்க வந்தவன், பஸ்ஸுக்கு நின்னவன், எல்லாரும் உன் குரல் கேட்டு வந்து நின்னுட்டாங்க. எனக்கு எம்மாம் பெருமையா இருந்திச்சி தெரியுமா? தமிழ் சோறு போடாதுன்ன. சரி, அங்கத்துக் கதைய சொல்றான்னு கேட்டுக்கினு இருந்தோம். அப்பறம் உன் தொண்ட மாறிடுச்சி. அழப்போறன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி. பஜார் நடுவுல, ரெண்டு கொழாயிலயும், எங்க அண்ணன் அழுவறத ஊரு கேக்கணுமா? கை தானா போயி நிறுத்திடுச்சி. நிறுத்திட்டு ஒரு பாட்டப் போட்டுட்டேன். உன் மானத்தக் காப்பாத்திட்டேன்னுதான் நெனச்சேன், அண்ணா."

லிம் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எழுந்து முன்பக்கம் போய்விட்டார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்விக்குப் பாதிகூடப் புரியவில்லை. சித்தப்பா ஏன் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறார் என்று அம்மாவைக் கேட்டாள். எனக்குத் தம்பி மேல் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை அழுதால் கதவைச் சாத்துவார்கள். அவனுக்குச் சாத்த டேப் ரிக்கார்டரின் பித்தான்தான் இருந்தது.

மீதியையும் அவன் சொன்னான். நான் பேசியது சந்தையோடு சந்தையாகக் கலைந்து போயிருக்கும். பத்து நாளில் போராட்டம் வராமல் இருந்திருந்தால் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. ஊர்வலம் வந்த பையன்கள் தார் வாளியோடு வந்தார்கள். செஞ்சியில் ரயில் நிலையம் கிடையாது. தார் பூச இந்தி எழுத்து வேண்டும் என்றால் ஊரிலேயே ஒன்றிரண்டு பலகைதான் தேறும். மீந்த தாரை எங்கள் கடைப் பலகைக்குப் பூசிவிட்டார்கள். அந்தப் பலகையில் இருந்தது சுத்தமான தமிழ், நைனாவின் பெயர்.

அதைவிடக் கெடுதல் செய்தது எதிர்ப்பக்கம். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாடு போய் நாலும் தெரிந்துகொண்ட நம் ஊர்க்காரனே சொல்லிவிட்டான், கேட்டுக்கொள்ளுங்கள் என்று என்னைப் பாராட்டினாராம். திட்டியவர்களைக்கூடத் தாங்கலாம். அந்தப் பாராட்டுக்குப் பிறகு ஏழுமலை எந்த விளக்கம் சொன்னாலும், கட்சி மாறிப் பேசுகிறான் என்றார்கள். கல்யாண வீட்டார் திருவண்ணாமலையிலிருந்து மைக் செட் வரவழைத்தார்கள். சித்திரை அமாவாசைக்கு மேல்மலையனூரில் வேறு ஆளை அமர்த்திக்கொண்டார்கள். ஏழுமலையை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

என் நாடாவைப் போட்ட அன்றைக்கு நைனா ஊரில் இல்லை. மேல்சித்தாமூரில் ஒரு ஜைனர் வீட்டுக் கல்யாணத்துக்கு விளக்குக் கொண்டு போயிருந்தார். திரும்பி வந்ததும் பஜாரே அவரிடம் சொல்லிவிட்டது. உன் அண்ணன் அப்படிச் சொன்னானா என்று ஏழுமலையைக் கேட்டார். சொன்னான் என்றான் இவன். நான் அழுததையும் ஊருக்கு வரத் துடித்ததையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தாங்க மாட்டார், நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று கிளம்பிவிடுவார் என்று பயந்திருக்கிறான். அதற்குப் பிறகு என் கடிதம் வந்தால் நைனா படிக்கச் சொல்வதில்லை. 'மடிச்சி வெய்யி' என்பதோடு சரி. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். நான் எழுதி யாராவது படித்துக் காட்டினால்தான் அவருக்கும் எனக்கும் பேச்சு. அந்த வழி அடைபட்டுப் போனது.

முழு நாடாவையும் போட்டுவிடு, அழுதால் அழுது தொலைகிறேன், எனக்கு மானம் போனால் பரவாயில்லை என்று எழுதினேன். மாட்டேன் என்று எழுதிவிட்டான். நீ இப்போதைக்கு வராதே, எல்லாம் அடங்கட்டும், நானே சொல்கிறேன் என்று கீழே ஒரு வரி.

5

அடங்கும் என்று நானும் நம்பினேன். ஒரு காலத்தில் ஒருவன் மேல் அபாண்டம் சொல்ல வேண்டும் என்றால் வீடு வீடாக நடக்க வேண்டும். நடக்கும்போதே கால் வலிக்கும், பாதி ஊரோடு விட்டுவிடுவார்கள். பாதிக்கப்பட்டவனும் அதே தெருக்களில் நடந்து மறுத்துச் சொல்லலாம். குழாயில் சொன்னால் அப்படி இல்லை. எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்துவிடுகிறது. என் காதால் கேட்டேன் என்று ஒவ்வொருவரும் சாட்சியாகிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யும் இல்லை. நான் அப்படித்தான் சொன்னேன். இங்கே அது இன்றைக்கும் உண்மைதான். ஆனால் அதற்காக நான் அழுதேன் என்பதும் உண்மைதானே. அந்த இரண்டாவது உண்மையை ஊர் கேட்கவே இல்லை.

அறுபத்தேழில் தேர்தல் வந்தது. அடங்கியிருந்தது மறுபடி எழுந்தது. இப்போது ஜீப்பில் குழாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஒரு கட்சி என்னைத் தமிழ்த் துரோகி என்றது, இன்னொரு கட்சி அனுபவஸ்தன் என்றது. இரண்டு பேருமே நான் எப்படி இருப்பேன் என்று பார்த்தவர்கள் இல்லை. வல்லத்தில் ஒரு கூட்டத்துக்கு வேறு மைக் செட் கிடைக்காததால் ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே, போனான். மேடையில் பேசியவர் வழக்கம்போல் என் கதைக்கு வந்து, தாய்ப்பாலை விற்றுச் சோறு தின்பவன் என்று சொல்லி நிறுத்த, கூட்டம் கைதட்டியிருக்கிறது. மேடைக்குக் கீழே ஆம்ப்ளிபயர் முன்னால் உட்கார்ந்து சத்தம் இரையாமல் திருகிக்கொண்டிருந்தவன் என் தம்பி.

இதை எனக்குச் சொன்னது அவன் இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர், மனசு கேட்காமல், எனக்குக் கடிதம் போட்டார். நான் ஆத்திரத்தில், அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கக் கூடாதா என்று தம்பிக்கு எழுதினேன். அவன் பதில் ஒரே வரி. 'வாடகைக்கு விட்டதை நிறுத்தக் கூடாது அண்ணா, ஒரு தடவை நிறுத்தியதற்கே இந்தப் பாடு.'

தேர்தல் முடிந்தது. ஆட்சியும் மாறியது. இனி வரட்டுமா என்று கேட்டேன். ஜெயித்தவர்கள் இப்போது இன்னும் பலமாகப் பேசுகிறார்கள், இந்த வருடம் போகட்டும் என்று எழுதினான். இங்கே எனக்கு வருடம் போகிற மாதிரி இல்லை. என்னிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்று அர்த்தம். குடிமகன் அல்லாதவர்களுக்கு இனி வேலை கிடைப்பது கஷ்டம் என்று துறைமுகத்தில் பேச்சாக இருந்தது. நீல அட்டை வாங்கிக்கொள் அல்லது கப்பலேறு என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். கப்பலேறலாம் என்றால் ஊரில் வராதே என்கிறார்கள். வராதே என்று சொல்வது என் மேல் உயிரையே வைத்திருக்கும் தம்பி.

விண்ணப்பம் போட்டேன். குடியுரிமை கேட்பவனுக்குக் கொஞ்சமாவது மலாய் பேச வரவேண்டும். மார்க்கெட்டில் மீன் வாங்கும் மலாய் எனக்கு வரும், அதிகாரி முன்னால் அது எடுபடாது. செல்விதான் எனக்கு வாத்தியார். அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தப்பாகச் சொன்னால் ஸ்கூலில் டீச்சர் செய்வதுபோல் மேஜையைத் தட்டுவாள். நான் சரியாகச் சொன்ன அன்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதிகமாகப் பேசிக்கொண்டது அந்த ஒரு மாதத்தில்தான். அதுவும் மலாயில்.

அதிகாரி வயதானவர், மரியாதையானவர். ஏன் இந்த நாட்டுக் குடிமகனாக விரும்புகிறாய் என்று கேட்டார். செல்வி சொல்லிக்கொடுத்த நீளமான பதில் அப்படியே மறந்துபோனது. என் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் மலாயில் சொன்னேன். அவர் 'பாகுஸ்' என்றார். நல்லது என்று அர்த்தம். ஐப்பசியில் உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். பழைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நீல அட்டை கொடுத்தார்கள். சொந்தபந்தத்தைப் பார்க்க ஊருக்குப் போய்வரத் தடை இல்லை, ஆனால் போய்த் தங்கிவிட முடியாது என்று விளக்கமாகச் சொன்னார்கள். இதை ஊருக்கு எழுதவில்லை. எழுத உட்காருவேன், மையைத்தான் வீணாக்குவேன்.

6

இந்தத் தையில் இன்னொரு நாடா வந்தது. பழையபடி லிம் கடைக்குப் போனோம். செல்வி இப்போது வளர்ந்துவிட்டாள், அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஏழுமலை மைக் செட்டை விற்றுவிட்டான். திருவண்ணாமலைக்காரர் ஒருவர் டேப் ரிக்கார்டரோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். அவர் வந்து எடுத்துப் போவதற்கு முதல் நாள் சந்தை. இனிமேல் எது போனால் என்ன என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. என் பழைய நாடாவை எடுத்து, இரண்டு குழாயையும் பஜாரைப் பார்க்கத் திருப்பி வைத்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை போட்டிருக்கிறான். செல்வியின் வணக்கம், தமிழ் சோறு போடாது, அழுகை எல்லாம்.

"முழுசா போட்டேன் அண்ணா. ஒருத்தனும் நிமிர்ந்து பாக்கல. எதிர்ல டீக்கடையில ரேடியோ பாட்டு பாடுது. மளிகைக் கடையில ஒரு டிரான்சிஸ்டர், ஜவுளிக் கடையில ஒரு டிரான்சிஸ்டர். சந்தைக்கு வந்தவன்கூட தோள்ல ஒண்ணு மாட்டிக்கினு வர்றான். நீ பாட்டுக்கு அழுவுற, அவனுங்க பாட்டுக்கு பேரம் பண்றானுங்க. மூணு வருசமா இதுக்கா பயந்தேன்னு எனக்கே சிரிப்பு வந்துடுச்சி."

அவன் சிரிக்கவில்லை. பிறகு, நைனா மட்டும் கேட்டார் என்றான். கடைக்குள்ளே உட்கார்ந்து விளக்குக்கு மேண்டில் துணி கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கையை நிறுத்திவிட்டாராம். முடிகிறவரை அசையவில்லை. முடிந்ததும், இது எப்போது வந்தது என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே அந்தப் பேச்சோடு சேர்ந்து வந்தது என்று சொல்லிவிட்டு அடி விழும் என்று ஏழுமலை காத்திருந்திருக்கிறான். அவர் அடிக்கவில்லை. இதில் நான் பேச முடியுமா என்றுதான் கேட்டார்.

நைனா வாழ்நாளில் மைக்கில் பேசியதில்லை. பேசுகிறவன் வேறு, வெளிச்சம் போடுகிறவன் வேறு என்பார். முதலில் ஏதோ உரசுகிற சத்தம். மைக்கைக் கையில் எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தடவியிருப்பார் போலிருக்கிறது. ஏழுமலை பக்கத்திலிருந்து, பேசு நைனா, கேக்குது என்றான். அப்புறம் அவர் குரல், ரொம்பப் பக்கத்தில்.

"ஏம்ப்பா. நான்தான். நீ அழுதது எனக்கு இன்னிக்கிதான் தெரியும். இத்தினி நாளா நான் உன் லெட்டரக்கூட படிக்கச் சொல்லல. ஊரு இன்னா பேசுனா நமக்கு இன்னா? மாடி ரூமுக்கு சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிட்டேன். புள்ளைங்களையும் இட்டுனு வந்துடு. எப்ப வர்றன்னு சொல்லு."

அவ்வளவுதான். நைனா பதிலுக்குக் காத்திருந்தார். மைக் என்றால் கேட்டதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும் என்று நினைத்துக்கொண்டார் போல. அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் சட்டைப் பையை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நீல அட்டை அதில்தான் இருந்தது. ஏழுமலையின் வளவளப் பேச்சில் பாதி புரியாமல் விழித்த செல்விக்கு நைனா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருந்தது.

"அப்பா, தாத்தா கேக்குறாங்களே. எப்பப் போறோம்?"

முன்பக்கத்திலிருந்து லிம் வந்தார். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. கேட்டுத் தீரவில்லை, அதனால்தான் எழுந்திருக்காமல் இருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நாடாவைப் பின்னுக்குச் சுற்றி ஓடவிட்டார். நைனா மறுபடியும் கேட்டார்.